பழைய விமானம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் பழைய விமானங்களை ஓட்டத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த விமானத்தில் ஏதாவது கோளாறா?" பெரும்பாலும் கோளாறே இருக்காது. டைகர் மாத்தும் (இரண்டடுக்கு இறக்கைப் பயிற்சி விமானம்) டகோட்டாவும் (இரட்டை எஞ்சின் டி.சி.-3) நிஜத்திலேயே அப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இது விமானத்தின் குணமா, சிமுலேட்டர் செட்டிங்கா, மேஜைமேல் இருக்கும் கருவியா?

பிரிப்பதற்கு ஒரு சோதனை போதும். ஓடுபாதையையும் வானிலையையும் அப்படியே வைத்துவிட்டு, விமானத்தை மட்டும் மூக்குச் சக்கரம் உள்ள சிறிய செஸ்னா 172-க்கு மாற்றுங்கள். அதிலும் அதே தொல்லை வந்தால் ஜாய்ஸ்டிக்கையும் கணினியையும் பாருங்கள். வரவில்லையென்றால் காற்றை முழுக்க நிறுத்திவிட்டுப் பழைய விமானத்தையே மறுபடி எடுங்கள். இப்போது ஒழுங்காக ஓடினால் காற்றுதான் காரணம். அப்போதும் முரண்டு பிடித்தால் விமானத்தின் குணம், அல்லது உதவி செட்டிங். உதாரணங்களுக்கு நம் மீனம்பாக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன்; சிமுலேட்டரில் வி.ஓ.எம்.எம். என்ற அதன் குறியீட்டைத் தேடினால் கிடைக்கும்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் கன்ட்ரோலையும் இ-யையும் சேர்த்து அழுத்தினால் எஞ்சின் தானாகவே ஸ்டார்ட் ஆகும். முதலில் அதைச் செய்து பாருங்கள். ஓடினால் விமானம் நன்றாகத்தான் இருக்கிறது. கையால் செய்யும் வரிசையில்தான் ஏதோ விடுபடுகிறது. பெட்ரோல் வால்வு மூடியிருக்கும், அல்லது பிரைமர் (தொடக்கப் பெட்ரோலைச் செலுத்தும் கைப்பம்பு) அடித்திருக்க மாட்டோம், அல்லது மேக்னெட்டோ (ஸ்பார்க் தரும் கருவி) போட்டிருக்க மாட்டோம். டைகர் மாத்தில் மேக்னெட்டோ சுவிட்சுகள் காக்பிட்டுக்கு வெளியே, உடம்பின் பக்கவாட்டில் இருக்கும். முன் இருக்கைக்குத் தனி, பின் இருக்கைக்குத் தனி. நுணுக்கமாகச் செய்த மாடல்களில் இரண்டையும் போட்டால்தான் ஸ்பார்க் வரும். உள்ளே தேடிக்கொண்டிருந்தால் கண்ணில் படவே படாது.

தானியங்கி முறையிலும் ஓடவில்லையென்றால் பெட்ரோல்-காற்று விகிதத்தை மாற்றும் மிக்ஸ்சர் நெம்புகோலைப் பாருங்கள். எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கருவிகள் சிலவற்றில் அச்சு தலைகீழாகப் பதிவாகிவிடும். நீங்கள் முழுக்கத் திறந்ததாக நினைக்கும்போது சிமுலேட்டருக்கு அது மூடிய நிலை. கன்ட்ரோல் பக்கத்தில் அச்சைத் திருப்பிப் போட்டால் முடிந்தது.

டகோட்டாவில் ஒரு பழக்கம் வேண்டும். அதன் ரேடியல் எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்திருப்பதால், நிறுத்தி வைத்திருக்கும்போது அடிப்பக்கச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கும். அதனால் ஸ்டார்ட்டரைப் பிடித்தபடி புரொப்பெல்லர் இதழ்கள் சில கடந்து போவதை எண்ணிவிட்டு, அப்புறம்தான் மேக்னெட்டோவைப் போடுவார்கள். எண்ணெய் சூடு 40 டிகிரி தாண்டும்வரை த்ராட்டிலை ஏற்றக் கூடாது. சென்னை வெயிலில் அதற்கு அதிக நேரம் ஆகாது.

தரையில் திருப்பவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை

அசல் டைகர் மாத்துக்கு பிரேக் கிடையாது. பின்னால் வால் சக்கரமும் கிடையாது, தரையில் தேய்ந்துகொண்டு வரும் கட்டைதான். புல்வெளியில் இறங்குவதற்காகச் செய்தது. திருப்ப வேண்டுமென்றால் ரட்டரை (வாலில் உள்ள திசைதிருப்பி) முழுக்க மிதித்து, த்ராட்டிலை ஒரு நொடி கொடுத்து எடுக்க வேண்டும்; அந்தக் காற்று ரட்டரில் அடித்து வால் நகரும். நிற்க வேண்டுமென்றால் முன்கூட்டியே த்ராட்டிலைக் குறைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நடக்கும் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். வேறு வைத்தியம் இதற்கு இல்லை, தேவையும் இல்லை.

ஓடுபாதையில் ஒரு பக்கம் இழுத்து, கடைசியில் வட்டமடித்துவிடுகிறது

நிறையப் பேர் பழைய விமானங்களைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஆனால் இதைக் கால் பழகிக்கொண்டுவிட்டால் கிடைக்கிற நிறைவு வேறு எதிலும் கிடைக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கவனியுங்கள். பைலட் இருக்கையிலிருந்து பார்க்கும்போது புரொப்பெல்லர் கடிகாரச் சுற்றில் சுற்றினால் மூக்கு இடது பக்கம் போகும். டகோட்டா, பைப்பர் கப் இரண்டும் இந்த வகை. டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சின் எதிர்ச்சுற்று, அதனால் வலது பக்கம் இழுக்கும். ஸ்பிட்ஃபயரில் இரண்டுமே உண்டு: மெர்லின் எஞ்சின் மாடல்கள் இடப்பக்கம், பின்னால் வந்த கிரிஃபன் எஞ்சின் மாடல்கள் வலப்பக்கம். ஆக, எஞ்சினுக்கு உரிய பக்கம் இழுத்தால் விமானம் சரியாகவே இருக்கிறது. ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் என்று போனால் காற்றையோ ஜாய்ஸ்டிக்கையோ சந்தேகப்படுங்கள்.

இழுப்புக்குக் காரணம் ஒன்றல்ல. புரொப்பெல்லர் தள்ளும் காற்று உடம்பைச் சுற்றிச் சுருளாக வந்து வால் துடுப்பில் ஒரு பக்கமாக அடிக்கிறது. வால் தரையில் இருக்கும்போது கீழிறங்கும் இதழ் மேலேறும் இதழைவிட அதிகமாகக் காற்றைக் கவ்வுகிறது. வால் எழும்பும் நொடியில், சுழலும் புரொப்பெல்லரின் தளம் சாய்வதால் அதே பக்கம் இன்னொரு உந்தல் வருகிறது. இவ்வளவும் சேர்ந்தாலும் மூக்குச் சக்கர விமானம் தானாக நேராகிவிடும், ஏனென்றால் எடை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவே இருக்கிறது. வால் சக்கர விமானத்தில் எடை முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியைப் பின்னோக்கித் தள்ளினால் எப்படிச் சட்டென்று திரும்பப் பார்க்குமோ அப்படித்தான். சிறிய விலகலை விட்டுவைத்தால் அது தானாகப் பெரிதாகும்.

டகோட்டாவை எடுத்துக்கொள்வோம். ஓடுபாதையில் திரும்பியதும் சில அடி நேராக உருட்டி, வால் சக்கரம் நேரான பிறகு அதைப் பூட்டுங்கள். பூட்டாமல் கிளம்புவதால்தான் பாதி வட்டங்கள் நடக்கின்றன. த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளாதீர்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மேனிஃபோல்டு முள்ளை 30 அங்குலத்துக்குக் கொண்டுவந்து, ரட்டர் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் 48 அங்குலம், நிமிடத்துக்கு 2,700 சுற்றுக்கு ஏற்றுங்கள். பார்வை ஓடுபாதையின் கடைக்கோடியில் இருக்கட்டும். மூக்குக்கு அருகே பார்த்தால் விலகல் தாமதமாகத்தான் தெரியும். வலது பெடலை மிதித்து அப்படியே பிடித்துக்கொள்ளாமல், சின்னச் சின்னதாகத் தட்டித் தட்டி விடுங்கள். வால் எழும்பப் போகிறது என்று தெரிந்ததும் வலது கால் ஒரு நொடி முந்திக்கொள்ள வேண்டும். மூக்கு நகர்ந்ததைப் பார்த்து மிதிக்கிற பழக்கம், நகரப் போவதை அறிந்து மிதிக்கிற பழக்கமாக மாறும் நாளில் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

செட்டிங்கில் பார்க்க வேண்டியவை: ரட்டரின் உணர்திறனை நடுப்பகுதியில் மென்மையாக்குங்கள், மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் மைனஸ் 30 சதவீதத்தில் தொடங்கலாம். ஜாய்ஸ்டிக்கைத் திருகி ரட்டர் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம். தானியங்கி ரட்டர் உதவியை நிறுத்திவிடுங்கள். உங்கள் காலோடு அது சண்டை போடும், எது யார் செய்தது என்று தெரியாமல் போகும்.

கருவியைச் சோதிக்க, விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் ஜன்னலைத் திறந்து, ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் ரட்டர் அளவைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே நடுங்கினாலோ, மெதுவாகத் திருகும்போது திடீரென்று தாவினாலோ, உள்ளே அசைவை அளக்கும் பொடென்ஷியோமீட்டரில் அழுக்கு ஏறியிருக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலுக்கு அருகே குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்றால் இது சீக்கிரம் வரும். ரிச்சி தெருவில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும். இணைப்பைக் கழற்றி, மூடியைத் திறந்து, கொஞ்சமாக அடித்து, பலமுறை முன்னும் பின்னும் திருகி, நன்றாகக் காயவிட்டுப் பொருத்துங்கள். அடுத்து வாங்கும்போது காந்தத்தால் அளக்கும் ஹால் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். அதில் உராயும் பாகம் இல்லை என்பதால் இந்தத் தேய்மானமே கிடையாது.

கடைசியாகக் காற்று. நேரடி வானிலையில் ஓட்டுகிறவர்கள் கோடைப் பிற்பகலில் கடற்காற்றை மறந்துவிடக் கூடாது. சென்னையில் அது கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வீசும். பெரிய விமானங்கள் ஓடுபாதை 07-இல் (எண்ணைப் பத்தால் பெருக்கினால் அது நோக்கும் திசையின் டிகிரி) கிளம்பினாலும் நீங்கள் ஓடுபாதை 12-ஐக் கேளுங்கள், காற்று கிட்டத்தட்ட நேர் எதிரே வரும். ஜூன், ஜூலை காலைகளில் மேல்காற்று என்றால் 25 நல்லது.

இறங்கும்போது குதிக்கிறது

வேகம் அதிகம் என்பதுதான் பெரும்பாலும் காரணம். டைகர் மாத்தை மணிக்கு 65 மைல் அளவில் கொண்டுவாருங்கள். உயரம் மிஞ்சினால் மூக்கைக் குத்தி வேகம் ஏற்றாதீர்கள். இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் ஃபிளாப் இதற்குக் கிடையாது என்பதால் ஒரு பக்கம் சாய்த்து எதிர் ரட்டர் மிதித்துச் சறுக்கவிட வேண்டும். தரைக்குச் சற்று மேலே சமமாகப் பிடித்து, இறங்க விடாமல் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தால் இரண்டு சக்கரமும் வால் கட்டையும் ஆக மூன்று புள்ளியும் ஒன்றாகத் தொடும். குதித்துவிட்டால் துரத்தாதீர்கள், த்ராட்டிலைக் கொடுத்து மறுபடி சுற்றி வாருங்கள். தொட்ட பிறகும் கால் வேலையை நிறுத்தக் கூடாது, நிற்கும்வரை வட்டமடிக்க வாய்ப்பு உண்டு.

பறந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் சக்தி குறைகிறது

சக்தி எப்படிக் குறைகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

சட்டென்று இருமி, நின்றுவிட்டால் பெட்ரோல். டகோட்டாவில் நான்கு டேங்குகள். ஒன்று காலியானால் மற்றதற்கு நீங்கள்தான் மாற்ற வேண்டும். ஏற ஏறக் கரகரப்பு கூடினால் மிக்ஸ்சர். மேலே காற்று மெலிதாவதால் பெட்ரோல் விகிதம் கூடிப்போகிறது. எஞ்சின் சத்தம் சீராகும்வரை மெதுவாகக் குறையுங்கள். தானியங்கி மிக்ஸ்சர் உதவி போட்டிருந்தால் இந்தத் தொல்லை வராது, ஆனால் மலைப்பறப்பின் சுவையில் பாதியும் போய்விடும்.

யாரும் தொடாமலே மெதுவாக, நிமிடக்கணக்கில் குறைந்துகொண்டு வந்தால் கார்புரேட்டரில் பனி. "சென்னையில் ஏது பனி" என்று தோன்றும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வாய் வழியே விரியும்போதும் வெப்பம் வெகுவாகத் தாழ்கிறது. வெளியே 25 டிகிரி இருந்தாலும், ஈரப்பதம் அதிகமென்றால், உள்ளே உறையும். பழவேற்காடு ஏரிமேல் மழைக்கால மேகங்களுக்குக் கீழே த்ராட்டிலைக் குறைத்து நிதானமாகப் பறப்பது இதற்கு ஏற்ற சூழல். பைப்பர் கப்பில் எஞ்சின் சுற்று 2,150 என்று காட்டிய முள் சத்தமில்லாமல் 2,000-க்கு வந்திருக்கும். கார்புரேட்டர் சூட்டு நெம்புகோலை முழுக்க இழுங்கள். முள் முதலில் இன்னும் கீழே போகும், எஞ்சின் கரகரக்கும். அந்த நேரத்தில் பயந்து திரும்பத் தள்ளிவிடக் கூடாது. உருகிய நீர் எஞ்சின் வழியே போகும் சத்தம் அது. கொஞ்ச நேரத்தில் முள் தானாக ஏறும். ஏறினால் பனிதான் என்று உறுதி. எல்லா சிமுலேட்டர் மாடல்களும் இதைக் காட்டுவதில்லை. நெம்புகோலை இழுத்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால் மற்றக் காரணங்களுக்குப் போங்கள். மேனிஃபோல்டு முள் உள்ள விமானங்களில் சுற்று மாறாமல் அந்த முள்தான் இறங்கும்.

டகோட்டாவில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டு சக்தி குறைந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றுக் கதவான கவுல் ஃபிளாப்பைத் திறங்கள். மே மாதம் தரையில் காத்திருக்கும்போது முழுக்கத் திறந்தே இருக்கட்டும். முடிந்தால் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்துங்கள்.

நீலகிரியில் ஏறவே மாட்டேன் என்கிறது

விமானம் பழுதில்லை, காற்றில் சத்தில்லை. வெப்பம் கூடினால் காற்று மெலிதாகிறது. வழக்கமான அளவைவிட ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி உயரம் கூடியதுபோல எஞ்சினும் இறக்கையும் உணரும். மீனம்பாக்கத்தில் 40 டிகிரி என்றால் கடல் மட்டத்திலேயே 3,000 அடியில் இருப்பதுபோல. ஊட்டி சுமார் 7,350 அடி. அங்கே 18 டிகிரி இருந்தால் விமானத்துக்கு அது 9,500 அடி. 130 குதிரைத்திறன் ஜிப்ஸி மேஜர் அங்கே நான்கில் ஒரு பங்கை இழந்துவிடும். தொட்டபெட்டா 8,652 அடி என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சென்னையிலிருந்து போனால் சேலத்தில் இறங்கி டேங்கை நிரப்புங்கள். டைகர் மாத்துக்குக் கோவை வரை ஒரே மூச்சில் போவது கையைக் கடிக்கும். மேட்டுப்பாளையம் பக்கம் மலையை நேருக்கு நேர் பார்த்து ஏறாமல், சமவெளியிலேயே வட்டமடித்து உயரம் எடுத்துவிட்டு, சரிவான கோணத்தில் நெருங்குங்கள். திரும்பி வர வழி எப்போதும் திறந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கோவைப் பக்கம் மலைக்குப் பின்புறம். அங்கே காற்று கீழ்நோக்கி இறங்கும், முழு த்ராட்டிலிலும் உயரமானி இறங்கிக்கொண்டிருக்கும். அப்போது மலையோடு மல்லுக்கட்டாமல் சமவெளிக்கு விலகுங்கள். மேற்கே போகத்தான் வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது.

திசை தப்புகிறது, உயரம் பொய் சொல்கிறது

கைரோ திசைகாட்டி நேரம் போகப் போக நழுவும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை நேராகச் சமமாகப் பறந்தபடி காந்த காம்பஸோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டி அழுத்தினால் போதும். காம்பஸைத் திரும்பும்போது படிக்காதீர்கள். சென்னையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் வரைபடத்தில் அளந்த திசையையே வைத்துக்கொண்டு போகலாம்.

இதைப் பழகுவதற்கு நான் எப்போதும் சொல்லும் பாதை பெல்லாரியிலிருந்து சென்னை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜூஹுவுக்குப் பஸ் மாத் என்ற சிறிய விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதை ஓட்டி வந்தவர் நெவில் வின்ட்சென்ட். வழிகாட்ட ரேடியோ எதுவும் இல்லாமல் வந்த பாதை. ஐந்து டிகிரி தப்பினால் இந்தத் தூரத்துக்குச் சுமார் 35 கிலோமீட்டர் விலகிவிடுவீர்கள். ஆனால் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் கடல் தென்படும். கடற்கரையைப் பிடித்தபின் வடக்கா தெற்கா என்று குழம்பாமலிருக்க, வேண்டுமென்றே கொஞ்சம் வடக்கே குறிவைத்து வாருங்கள். கரையைக் கண்டதும் வலது பக்கம் திரும்பினால் ஊர் வந்துவிடும்.

உயரமானி தரையிலேயே 400 அடி காட்டினால் பழுதென்று நினைக்காதீர்கள். மீனம்பாக்கம் 52 அடிதான். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வந்து அழுத்தம் 1,000 ஹெக்டோபாஸ்கலாக இறங்கியிருக்க, உயரமானி 1,013-லேயே இருந்தால் சுமார் 350 அடி கூடுதலாகக் காட்டும். பி அழுத்திச் சரிசெய்யுங்கள். மேகத்துக்குக் கீழே தாழப் பறக்கும் நாளில் இந்த 350 அடி பெரிய விஷயம்.

நிலக்காட்சி கலங்கலாகத் தெரிகிறது

500 அடியிலிருந்து பார்த்துக் கலங்கல் என்றால் அது படத்தின் எல்லை. வானிலிருந்து எடுத்த படத்தைத் தரையில் விரித்திருக்கிறார்கள். முட்டுக்காடு கழிமுகம், மாமல்லபுரம், புதுச்சேரி வரையிலான கரையை 1,500 முதல் 2,500 அடியில் பறந்து பாருங்கள், அப்போதுதான் படம் கண்ணுக்குப் பொருந்தும். செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்தால், படம் எடுத்த நாளில் அது வறண்டிருந்தது என்று அர்த்தம்; எந்தச் செட்டிங்கும் நீரை நிரப்பாது. நேரத்தை யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) வைக்கிறவர்கள், காலை 6 மணி வெளிச்சத்துக்கு 00:30 என்று போட வேண்டும்.

2,000 அடியிலும் கலங்கலாக இருந்து, சற்று நேரம் கழித்துத் தெளிந்தால் இன்டர்நெட் வேகம். போகப்போகும் பாதையை ஒருமுறை வேகமான விமானத்தில் பறந்துவிட்டால் இறக்கிய நிலக்காட்சியைச் சேமித்து வைக்கும் ரோலிங் கேஷில் பதிவாகிவிடும், கேஷை எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள். தரையில் கறுப்புக் கட்டங்களோ ஈட்டிபோல் நிற்கும் கூம்புகளோ தெரிந்தால் கேஷை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள்.

முன்னால் எதுவுமே தெரியவில்லை என்றால், ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸில் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பைலட்டுக்கு முன்னால் பெட்ரோல் டேங்க், முன்கண்ணாடியே இல்லை. 1927-இல் லிண்ட்பெர்க் 33 மணி நேரத்துக்கு மேல் பக்க ஜன்னலையும் ஒரு சிறிய பெரிஸ்கோப்பையும் நம்பித்தான் அட்லாண்டிக்கைக் கடந்தார்.

முதல் 20 நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திக்குகிறது

சென்னைக் கோடையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூடு. அறையே 35 டிகிரி என்றால் கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்ப அளவைத் திரையில் காட்டும் மென்பொருளைப் போட்டு, திக்கும் நேரத்தில் எண்ணைப் பாருங்கள். லேப்டாப் என்றால் அடியைத் தூக்கி வைத்து, காற்றுத் துளைகளில் தூசி எடுங்கள். திரையின் ஃபிரேமை நொடிக்கு 30-க்குக் கட்டிப்போடுங்கள். 80 மைல் வேகத்தில் கடற்கரையோரம் போகும் விமானத்துக்கு அது தாராளம். தொடக்கத்திலிருந்தே திக்கினால் சூடு காரணமில்லை, தரை விவர அளவைக் குறைத்துப் பாருங்கள்.

நடுவானில் ஜாய்ஸ்டிக் சில நொடி செத்து, மீண்டும் உயிர்பெற்றால் விண்டோஸ் மின்சாரம் மிச்சப்படுத்துகிறது. டிவைஸ் மேனேஜரில் யூ.எஸ்.பி. ஹப் ஒவ்வொன்றையும் திறந்து, மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை நிறுத்தலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். ஜாய்ஸ்டிக்கை ஹப்பில் செருகாமல் கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள்.